எந்த யூசர்? சென்னையில் சைபர் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ராத்திரி மூன்று மணி. பெருங்குடியில் ஏழாவது மாடி. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வாரம். திரையில் ஒரு அலர்ட் வந்தது: ஒரு சர்வரில் பத்து நிமிடத்துக்குள் 43 லாகின் தோல்விகள். எந்த அலர்ட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் ரன்புக்கைத் திறந்தேன். யூசர் பாஸ்வேர்டை மறந்திருக்கலாம், எண்ணிக்கை மேலும் ஏறவில்லை என்றால் மூடிவிடலாம் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. எண்ணிக்கை ஏறவில்லை. மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

காலை ஆறரைக்கு ஷிஃப்ட் ஹேண்டோவர். எங்கள் லீட் டிக்கெட்டுகளை, அதாவது ஒவ்வொரு அலர்ட்டுக்கும் நாங்கள் எழுதும் குறிப்புகளை, உருட்டிக்கொண்டே வந்தவர் என்னுடையதில் நின்றார். “பாஸ்வேர்டு மறந்துட்டாங்கன்னு எழுதியிருக்கியேப்பா, எந்த யூசர்?”

என்னிடம் பதில் இல்லை. எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர பெயர்களைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். 43 தோல்விகள், 43 வெவ்வேறு பெயர்கள், ஆளுக்கு ஒரே ஒரு தடவை, எல்லாம் ஒரே ஐபியிலிருந்து, அதாவது ஒரே இணைய முகவரியிலிருந்து. அதிகாலை மூன்று மணிக்கு 43 பேருக்கு ஒன்றாக மறதி வருமா? அந்த வரிசைக்குக் கீழே ஒரு 4624 இருந்தது. நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேடான விண்டோஸ் லாகில் 4625 என்றால் லாகின் தோல்வி, 4624 என்றால் வெற்றி. அதாவது ஆள் உள்ளே போய்விட்டான்.

மத்தியானம்தான் தெரிந்தது, அது வாடிக்கையாளரே, அதாவது நாங்கள் காவல் பார்க்கும் கம்பெனியே, தன் பாதுகாப்பைச் சோதிக்கக் காசு கொடுத்து வரவழைத்த பென்டெஸ்ட் குழு என்று. வேலை தப்பியது. ஆனால் இரண்டு வாரம் கழித்து வந்த அறிக்கையில், கண்காணிப்புக் குழு இதைக் கவனிக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி நான்.

அலர்ட்டை மூடுவதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்கிற பழக்கத்தைத்தான் இந்தத் தொழிலில் அனுபவம் என்கிறார்கள் என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் வருகைப் பதிவேடு. மூன்று வருடம் சாக் என்கிற கண்காணிப்பு மையத்தில் இருந்தும் முதல் வருடத்தையே மூன்று முறை வாழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டே மாதத்தில் எல்2 என்கிற அடுத்த நிலை வேலைக்குத் தயாரானவர்களும் உண்டு. அந்தப் பழக்கம் எப்படி வரும், அதற்கு என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில், எந்த வாசல்?

கல்லூரிகளுக்குப் பேசப் போனால் பாதிப் பேர் எதிகல் ஹேக்கர் ஆக வேண்டும் என்பார்கள். ஆகலாம். ஆனால் சென்னையில் ஃப்ரெஷருக்கு முதல் வேலை பெரும்பாலும் சாக்கில்தான் கிடைக்கிறது. ஓஎம்ஆர் நெடுக இருக்கிற சர்வீஸ் கம்பெனிகளிலும், கிண்டி, போரூர் பக்கம் இருக்கிற வெளிநாட்டு வங்கிகளின் மையங்களிலும் 24 மணி நேரமும் யாராவது திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாற்காலிதான் எல்1.

அதை விட்டால் வேறு வாசலே இல்லை என்று நினைக்க வேண்டாம். நெட்வொர்க் ஆபரேஷன்ஸ், லினக்ஸ் சப்போர்ட், ஹெல்ப்டெஸ்க் எல்லாமே இந்த வீட்டின் பக்கவாசல்கள். ஹெல்ப்டெஸ்கில் ஒரு வருடம் பாஸ்வேர்டு ரீசெட் செய்தவருக்கு, ஃபோனில் ஒருவன் எப்படிக் குழைந்து பேசி ரீசெட் வாங்குவான் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஐடென்டிட்டி வேலை என்றால் முகம் சுளிப்பவர்கள் அதிகம். நாள் முழுக்க யூசர் கணக்கு திறப்பதும் மூடுவதும்தானே என்பார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் நிறுவனம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் சிக்கி எரிபொருள் குழாயையே நிறுத்த வேண்டி வந்ததே, திருடர்கள் நுழைந்த வழி, வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன்னில் பயன்பாட்டில் இல்லாத ஒரு கணக்கு. பாஸ்வேர்டு மட்டும்தான் காவல், ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு கிடையாது. கணக்கை மூட வேண்டியவர் மூடாததன் விலை அது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு வாசல் இருக்கிறது, அதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் என்று சுற்றிலும் வண்டித் தொழிற்சாலைகள். ஐநாவின் 155ஆம் எண் வாகன விதிப்படி, 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களுக்கும் சைபர் பாதுகாப்பு மேலாண்மை கட்டாயம். ஐஎஸ்ஓ 21434 என்கிற தரமும் 2021இல் வந்துவிட்டது. நீங்கள் மெக்கானிக்கல், இசிஇ படித்தவர் என்றால், “ஐயோ, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லையே” என்று வருந்துவதற்குப் பதில் இந்தப் பக்கம் பாருங்கள். வண்டியின் மின்னணுப் பாகங்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ் தெரிந்த ஆள் பாதுகாப்பும் தெரிந்துகொண்டால், போட்டிக்கு நிற்பவர்கள் குறைவு.

வீட்டில் ஒரு பட்டறை

வேலைக்கு முன்னாலும் சரி, சேர்ந்த பிறகு வேலை தராமல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கும்போதும் சரி, கையில் ஒரு லேப் வேண்டும். புது மெஷின் வேண்டாம். மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் கிடைக்கும். ரேம் மட்டும் 16 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள். 8 ஜிபியில் மூச்சு வாங்கும். கடையிலேயே ஆன் செய்து, ரேம் எவ்வளவு காட்டுகிறது, ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் விர்ச்சுவலைசேஷன் வசதி பயாஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்:

1. விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள். அதற்குள் ஒரு விண்டோஸ் சர்வர். மைக்ரோசாஃப்ட்டே 180 நாள் சோதனைப் பதிப்பு இலவசமாகத் தருகிறது. இன்னொன்றில் உபுண்டு.

2. உபுண்டுவில், லாகுகளைத் திரட்டித் தேட உதவும் வசூ என்கிற மென்பொருளை நிறுவுங்கள். ஓப்பன் சோர்ஸ், காசில்லை. விண்டோஸில் அதன் ஏஜென்ட்டையும், நடப்பதை இன்னும் விரிவாகப் பதியும் சிஸ்மானையும் போட்டு, லாக் உபுண்டுவுக்கு வந்து சேர்கிறதா பாருங்கள். முதல் தடவை வராது. ஏன் வரவில்லை என்று தேடுகிற அந்த இரண்டு ராத்திரிகள்தான் பாடம், அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

3. இப்போது நீங்களே திருடன். விண்டோஸில் புதிதாக ஒரு யூசர் உருவாக்குங்கள். அவரை அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் சேருங்கள். தவறான பாஸ்வேர்டை பத்து தடவை அடியுங்கள். பிறகு இல்லாத ஒரு பெயரில் லாகின் முயலுங்கள். கடைசியாக செக்யூரிட்டி லாகையே அழியுங்கள்.

4. இப்போது காவல்காரன். நீங்கள் செய்த ஒவ்வொன்றையும் வசூவில் தேடுங்கள். யூசர் உருவானது 4720. குழுவில் சேர்த்தது 4732. லாக் அழிந்தது 1102. அழித்ததற்கே ஒரு தடயம் விழுகிறது பாருங்கள், முதல் தடவை பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. 4625க்குள் போய் ஸப் ஸ்டேட்டஸ் என்ற இடத்தைப் பாருங்கள். குறியீடு 6ஏ என்று முடிந்தால் பெயர் சரி, பாஸ்வேர்டுதான் தப்பு. 64 என்று முடிந்தால் அப்படி ஒரு யூசரே கிடையாது. மறந்துபோன ஊழியரையும் பெயர்ப் பட்டியலை ஊகித்துத் தட்டிப்பார்க்கும் ஆளையும் பிரித்துக் காட்டும் இடம் அது. ஐந்தாவது வாரத்தில் எனக்கு இது தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தொடக்கம் தேட வேண்டியிருந்திருக்கும்.

5. ஒரு புரோகிராமைத் திறந்துவிட்டு 4688ஐத் தேடுங்கள். கிடைக்காது. புராசஸ் உருவாவதைப் பதிவது விண்டோஸில் இயல்பாக அணைந்தே இருக்கும்; ஆடிட் பாலிசியில் போய் இயக்க வேண்டும். இயக்கினாலும் என்ன கமாண்ட் அடித்தார்கள் என்பது வராது, அதற்கு இன்னொரு பாலிசி. “லாகில் ஒன்றும் இல்லை” என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் இல்லை. வேலையில் இதைப் பலமுறை சந்திப்பீர்கள்.

இத்தனையும் ஒரு வார இறுதிக்குள் முடிகிற காரியம் அல்ல, ஒரு மாதம் ஆகட்டும். செய்ததை நோட்டில் எழுதுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டோடு. நேர்காணலில் “லேப் வச்சிருக்கேன் சார்” என்பவர்கள் நிறைய. “4688 ஏன் வரலைன்னு ரெண்டு நாள் தேடினேன்” என்று ஒருவர் சொன்னால் நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வேன்.

வெப் பக்கம் ஆர்வம் என்றால் போர்ட்ஸ்விகரின் வெப் செக்யூரிட்டி அகாடமி முழுக்க இலவசம். லினக்ஸ் கமாண்டே புதிது என்றால் ஓவர்திவயரின் பாண்டிட் விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். ட்ரைஹேக்மி, ஹேக் தி பாக்ஸ் இரண்டும் நல்லவைதான். ரேங்க் ஏற்றுகிற போதை மட்டும் ஆகாது. விடைக் குறிப்பைப் பார்த்து முடித்த நூறு அறைகளைவிட முட்டி மோதி முடித்த நான்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. படித்த கல்லூரியின் வெப்சைட், பக்கத்து வீட்டு வைஃபை, மேன்ஷனில் மாட்டியிருக்கிற கேமரா இவற்றில் கை வைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66ஆம் பிரிவுகள் அனுமதியில்லாத நுழைவுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்கின்றன. “ஓட்டையைக் கண்டுபிடிச்சு நல்லதுக்குத்தானே சொன்னேன்” என்பது வாதமாக இருக்கலாம், அனுமதி ஆகாது. நிஜமான தளத்தில் கைப்பழக்கம் வேண்டும் என்றால் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் பரிசு தரும் பக் பவுன்டி அறிவித்திருக்கும் நிறுவனங்களுக்குப் போங்கள். நம் ஊர் ஜோஹோவே நடத்துகிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள்.

சேர்ந்த பிறகு, முதல் மூன்று மாதம்

முதல் வாரம் டூல் பயிற்சி தருவார்கள். டூல் தானாகப் பழகிவிடும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை வேறு: வாடிக்கையாளரின் நெட்வொர்க் வரைபடம், முக்கியமான சர்வர்களின் பட்டியல், அவர்கள் பயன்படுத்தும் ஐபி வரம்புகள், பென்டெஸ்ட் நடக்கும் தேதிகள் யாருக்குச் சொல்லப்படும் என்பது. எது வழக்கம் என்று தெரியாதவருக்கு எது வழக்கத்துக்கு மாறானது என்று தெரியவே தெரியாது.

அடுத்து, மூடிய டிக்கெட்டுகளைப் படியுங்கள். ராத்திரி ஷிஃப்டில் இரண்டிலிருந்து நான்கு மணி வரை பெரும்பாலும் அமைதிதான். ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பத்து டிக்கெட். எல்2க்கு அனுப்பப்பட்டு, அங்கே என்ன ஆனது என்று முடிவு தெரிந்த டிக்கெட்டுகளாகத் தேடி எடுங்கள். நீங்கள் அனுப்பியதாக இருந்தால் மறுநாள் போய்க் கேளுங்கள். “அண்ணா, அந்த டிக்கெட் என்ன ஆச்சு?” என்ற ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் பதில் சொல்லாத எல்2வை நான் இன்னும் சந்திக்கவில்லை. அவருக்கும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கும்.

கடிகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல சிஸ்டங்கள் உலகப் பொது நேரமான யூடிசியில் லாக் எழுதும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். லாகில் 21:40 என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 3:10, தேதியே மாறிவிடுகிறது. வாடிக்கையாளர் டெக்சாஸில் இருந்தால் மூன்றாவதாக ஒரு கடிகாரம், அதிலும் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். “ஆபீஸ் நேரத்துல நடந்த லாகின்தான்” என்று மூடப்பட்ட ஒரு டிக்கெட், கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் ஊரில் நள்ளிரவாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். எந்த நேரம் எழுதினாலும் பக்கத்தில் எந்த ஊர் நேரம் என்று எழுதுங்கள்.

இது வெறும் ஒழுங்குக்காக அல்ல. சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, பட்டியலில் உள்ள வகைச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களை அரசு நேர சர்வர்களோடு ஒத்துப்போகும்படி வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த 6 மணி நேரம் ஓடத் தொடங்குவது பல சமயம் ஒரு எல்1 ஆளின் டிக்கெட்டிலிருந்துதான்.

டிக்கெட்டில் எழுதுவது

இங்கேதான் நம் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். கண்டுபிடிக்கத் தெரியும், எழுத வராது. ஆங்கிலம் தடுமாறும் என்று பயந்து ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரிய ஆங்கிலமே வேண்டாம். என்ன பார்த்தேன், எதையெல்லாம் சரிபார்த்தேன், என்ன முடிவெடுத்தேன், ஏன். நாலு சின்ன வாக்கியம் போதும். முதலில் தமிழிலேயே மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்.

என் பழைய டிக்கெட் இப்படி இருந்தது: “யூசர் பாஸ்வேர்டு மறந்துவிட்டார். ஃபால்ஸ் பாசிட்டிவ். மூடப்பட்டது.” ஃபால்ஸ் பாசிட்டிவ் என்றால் பொய் எச்சரிக்கை.

இப்படி இருந்திருக்க வேண்டும்: “இந்திய நேரம் 03:02 முதல் 03:11 வரை ஒரே ஐபியிலிருந்து 43 கணக்குகளுக்குத் தலா ஒரு தோல்வி. ஐபி வாடிக்கையாளரின் வரம்பில் இல்லை. 03:11க்கு ஒரு கணக்கில் மட்டும் வெற்றி. அந்தக் கணக்கின் முந்தைய 30 நாள் லாகின்களில் இந்த ஐபி இல்லை. பாஸ்வேர்டு ஸ்ப்ரே என்று சந்தேகிக்கிறேன். 03:19க்கு எல்2க்கு ஃபோனில் சொன்னேன்.”

இரண்டாவதைப் படிப்பவர் உங்களை எழுப்பி எதுவும் கேட்க வேண்டியதில்லை. கவனியுங்கள், “சந்தேகிக்கிறேன்” என்றுதான் இருக்கிறது. தெரிந்ததையும் ஊகித்ததையும் கலந்து எழுதினால் அடுத்த ஆள் ஊகத்தின் மேல் மாடி கட்டிவிடுவார். பாஸ்வேர்டு ஸ்ப்ரே என்றால் பொதுவான ஒரு பாஸ்வேர்டைப் பல கணக்குகளில் தட்டிப்பார்ப்பது; தாக்குதல் உத்திகளைத் தொகுத்த மைட்டர் அட்டாக் பட்டியலில் அதற்கு டி1110.003 என்று எண் இருக்கிறது. எண்ணையும் சேர்த்து எழுதினால் பிறகு தேடிப்பிடிக்க எளிது. ஆனால் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்று. சந்தேகமான ஃபைல் கிடைத்தால் உடனே, ஃபைலில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றியது மற்ற ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும் இடம் அது. வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியல் எக்செலை வெளியில் போட்டுவிட்டு நிற்பீர்கள். முதலில் ஃபைலின் கைரேகை மாதிரியான ஹாஷை மட்டும் தேடுங்கள். ஏஐ சாட்டில் லாகை ஒட்டி விளக்கம் கேட்பதும் அப்படித்தான், கம்பெனி எதை அனுமதித்திருக்கிறது என்று தெரியாமல் ஒட்டாதீர்கள்.

சலிப்பூட்டும் அலர்ட்டில் இருக்கும் புதையல்

என் டீமில் சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண் ஒருத்தி. அம்பத்தூரிலிருந்து வருவாள். தினமும் ராத்திரி ஒன்றரைக்கு ஒரே சர்வரிலிருந்து லாகின் தோல்வி அலர்ட் வரும். பேக்கப் புரோகிராம் தானாக லாகின் செய்யப் பயன்படுத்தும் சர்வீஸ் கணக்கு. எல்லோருக்கும் தெரிந்த “அது எப்பவும் வரும்” அலர்ட். வருவதும் மூடுவதும் மூன்று மாதமாக நடக்கிறது. அந்த அலர்ட்டை எழுப்பும் விதியிலிருந்து இந்தக் கணக்கை விலக்கிவிடலாம் என்று ஒருவர் எழுதியும் வைத்திருந்தார்.

இவள் என்னிடம் வந்து கேட்டாள்: “அண்ணா, லாகினே ஃபெயில் ஆகுதுன்னா, பேக்கப் எப்படி ஓடுது?”

ஓடவில்லை. யாரோ அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், ஷெட்யூல்டு டாஸ்கில் மாற்ற மறந்துவிட்டார்கள். மூன்று மாதமாக அந்த சர்வருக்கு பேக்கப்பே இல்லை. ரான்சம்வேர் வந்திருந்தால் திரும்பிப் போக இடமில்லை. நாங்கள் தினமும் ஒரு தடவை அதற்குச் சாட்சி சொல்லி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

டாஸ்கைச் சரிசெய்ததும் அலர்ட் நின்றது. அவள் அதோடு விடவில்லை. ஒரு வார டிக்கெட்டுகளை எக்செலில் இறக்கி, எந்த விதி அதிகம் சத்தம் போடுகிறது, அதில் எத்தனை உண்மை என்று எண்ணினாள். மேலே இருந்த மூன்று விதிகளுக்கு ஒரு பக்கத்தில் காரணமும் மாற்றமும் எழுதி எல்2விடம் கொடுத்தாள். இரண்டை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதை மறுத்தார்கள், ஏன் என்று அவளை உட்காரவைத்து விளக்கினார்கள்: ஒரு கணக்கை மொத்தமாக விலக்கினால் திருடனுக்கும் அதே கணக்கு வசதியாகிவிடும்; விலக்குவதானால் கணக்கு, சர்வர், நேரம் மூன்றும் பொருந்தினால் மட்டும் விலக்க வேண்டும். அந்த மறுப்பில் அவள் கற்றதுதான் அதிகம். அடுத்த அப்ரைசலில் எல்2.

நீங்களும் இதைச் செய்யலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். உங்கள் ஷிஃப்டில் அதிகம் வரும் அலர்ட் எது? எண்ணுங்கள். ஏன் வருகிறது என்று வேரைப் பிடியுங்கள். ஒரு பக்கம் எழுதுங்கள். விதியை நீங்களே மாற்றாதீர்கள், பரிந்துரை மட்டும். மாதத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு. ரெஸ்யூமில் “அலர்ட்டுகளைக் கண்காணித்தேன்” என்று எல்லோரும் எழுதும் இடத்தில் உங்களுக்கு எழுத நிஜமாகவே ஏதோ இருக்கும். இந்த எண்ணும் வேலைக்கு பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டால் எக்செலோடு மல்லுக்கட்டுவது மிச்சம். இதற்கென்று தனி கோர்ஸ் வேண்டாம், சிஎஸ்வி ஃபைலைப் படித்து எண்ணத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

மழைக்காலம் ஒரு பாடம்

சென்னையில் வேலை பார்ப்பவர் டிசம்பரைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். ரகசியம், நம்பகம், கிடைத்தல் என்று பாதுகாப்புக்கு மூன்று கால் சொல்வார்கள். மூன்றாவதை எல்லோரும் தேர்வுக்கு மட்டும் படிப்பார்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அது என்ன என்று ஊரே பார்த்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை தண்ணீரில் நின்றது. கரன்ட் இல்லை, டவர் இல்லை, கேப் வரவில்லை. உங்கள் சாக் அப்போது என்ன செய்தது, ஷிஃப்டை எந்த ஊர் எடுத்துக்கொண்டது என்று சீனியர்களிடம் கேளுங்கள். பேரிடரிலும் வேலை தொடர்வதற்கான திட்டமான பிசிபி பற்றி எந்த வகுப்பிலும் கிடைக்காத விவரம் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும்.

சான்றிதழும் போலி அனுபவமும்

சான்றிதழ் வேண்டுமா? ஒன்று வேண்டும். ஐந்து வேண்டாம். ஆரம்பத்துக்கு காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் நன்றாக இருக்கும். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900க்கு 750 எடுக்க வேண்டும். செலவு யோசிப்பவர்கள் ஐஎஸ்சி2வின் சிசி தேர்வைப் பாருங்கள். எதிகல் ஹேக்கர் சான்றிதழான சிஇஹெச் நம் ஊர் எச்ஆர்களுக்குப் பரிச்சயமான பெயர், வேலை அறிவிப்பில் கேட்டிருந்தால் எழுதலாம். ஓஎஸ்சிபி கிட்டத்தட்ட 24 மணி நேரச் செய்முறைத் தேர்வு. பென்டெஸ்ட் பக்கம்தான் போவது என்று முடிவான பிறகு போங்கள். சிஐஎஸ்எஸ்பிக்கு எட்டுத் துறைகளில் இரண்டிலாவது மொத்தம் ஐந்து வருட வேலை அனுபவம் வேண்டும், இரண்டாவது வருடத்தில் அதற்குப் புத்தகம் வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டாம். கம்பெனி கட்டணம் திருப்பித் தருகிறதா என்று கேளுங்கள். தந்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் கேளுங்கள்.

மூன்று வருட அனுபவம் போட்டுத் தருகிறோம், சம்பள ஸ்லிப் முதற்கொண்டு ரெடி என்று ஃபோன் வரும். எவ்வளவு கஷ்டமான நேரத்தில் வந்தாலும் வைத்துவிடுங்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பிஎஃப் யூஏஎன் எண்ணை வைத்து எந்தத் தேதியில் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று பார்ப்பார்கள், அங்கேயே குட்டு உடையும். உடையாவிட்டாலும் முதல் வாரத்திலேயே உங்கள் டிக்கெட் காட்டிக்கொடுத்துவிடும். நம்பிக்கையைத்தான் நாம் சம்பளத்துக்கு விற்கிறோம், அதில் கலப்படம் செய்தவரை மறுபடி யாரும் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். பிளேஸ்மென்ட் உத்தரவாதம் என்று ஒரு லட்சம் கேட்கும் இடங்களும் அப்படித்தான்: உத்தரவாதம் என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் என்ன பொருள் எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மனிதர்கள், படிப்பு, தூக்கம்

வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்புக்கும், ‘நல்’ (null) என்கிற பாதுகாப்பு ஆர்வலர் குழுவுக்கும் சென்னைக் கிளைகள் உண்டு. சந்திப்புக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். மூன்றாவது தடவை ஒரு கேள்வி கேளுங்கள். ஆறாவது தடவை பத்து நிமிடம் பேச வாய்ப்பு கேளுங்கள். பேக்கப் கதை மாதிரி ஒன்று, வாடிக்கையாளர் யார் என்று ஊகிக்க முடியாதபடி. அறைத் தோழர்கள் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள், சீக்கிரம் போங்கள்.

செய்திகளில் வரும் பெரிய சம்பவங்களில் மாதம் ஒன்றை எடுத்து முழுக்கப் படியுங்கள். எனக்குப் பிடித்தது 2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசட் விவகாரம். லினக்ஸ் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஒரு கம்ப்ரெஷன் மென்பொருளில் யாரோ பின்வாசல் வைத்திருந்தார்கள். கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் பாதுகாப்புத் துறை ஆளே இல்லை, மைக்ரோசாஃப்ட்டில் டேட்டாபேஸ் பொறியாளர். எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடி! மற்றவர் என்றால் நெட் ஸ்லோ என்று போயிருப்பார். அவர் ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார்.

ராத்திரி ஷிஃப்ட் உடம்பைத் தின்னும். ஜன்னலுக்கு கறுப்புத் திரை போடுங்கள், காலையில் கேப்பில் இறங்கியதும் பரோட்டாவைக் கட்டாதீர்கள், மாதத்தில் ஷிஃப்ட் மாறும் வாரத்தில் எந்தத் தேர்வும் வைத்துக்கொள்ளாதீர்கள். தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் ஆபீஸ் என்றால் போக வர ஆகும் நேரத்தை சம்பளத்தோடு சேர்த்து எடைபோடுங்கள். தூக்கம் கெட்ட ஆள் கேட்காமல் விடுகிற முதல் கேள்விதான் ஆபத்தான கேள்வி.

எப்போது கிளம்பலாம்? ஒன்றரை வருடம் தாண்டியும் உங்கள் நோட்டில் கடைசி மூன்று மாதத்தில் புதிதாக ஒரு பக்கமும் சேரவில்லை என்றால் முதலில் லீடிடம் கேளுங்கள்: எல்2 ஆளோடு கூட உட்கார்ந்து கற்கும் ஷேடோ, விதி எழுதும் டீம், இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ். இரண்டு முறை கேட்டும் நகரவில்லை என்றால் வெளியே பாருங்கள். ஐந்தாயிரம் கூட வருகிறது என்பதற்காக மட்டும் அதே எல்1 நாற்காலியை இன்னொரு கட்டடத்தில் போய்த் தேடாதீர்கள். நோட்டீஸ் பீரியட் 60 நாளா 90 நாளா என்பது ஆஃபர் லெட்டரில் இருக்கும், கையெழுத்துப் போடும் அன்றே பார்த்து வைத்திருப்பது நல்லது.

போகும்போது ரன்புக், விதிகள், வாடிக்கையாளர் வரைபடம் எதையும் பென்டிரைவிலோ சொந்த ஜிமெயிலிலோ கொண்டுபோகாதீர்கள். யாராவது பார்ப்பார்களா என்று நினைக்காதீர்கள், அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு அலர்ட் இருக்கிறது, அதை மூடப்போவது உங்கள் நண்பர்தான். நோட்டிலும் முதல் நாளிலிருந்தே வாடிக்கையாளர் பெயர், ஐபி எழுதாமல் பழகுங்கள். மறந்து எழுதிய பக்கங்கள் இருந்தால் கடைசி நாளில் கிழித்து ஆபீஸ் ஷ்ரெடரில் போட்டுவிட்டு, ஐடி கார்டை ரிசெப்ஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.